கதையை விடுங்கள், இக்கட்டை எடுங்கள்: திரைப்படமும் மேசைக் கதையாட்டமும்

(சுசீந்திரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



தாணுமாலயன் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கல்வெட்டையும் இசைத்தூணையும் எதிர்பார்த்து வருவீர்கள். இன்றைக்கு நான் எடுத்திருப்பது ஒரு விளையாட்டு. இதற்கும் ஓர் அவை உண்டு என்று நம்பி இடம் தந்த அறக்கட்டளையாருக்கு முதலில் என் நன்றி.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கதை நடத்துபவர். ஊர், காடு, எதிரி, மழை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். “கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே யாரோ அழுகிறார்கள், என்ன செய்கிறீர்கள்?” என்று நடத்துபவர் கேட்கிறார். ஆடுபவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார். பலிக்குமா பலிக்காதா என்பது உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். எல்லோரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டி முடிப்பதுதான் ஆட்டம். தனியாக ஒருவர் வென்று எழுந்து போவதில்லை. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இதன் முதல் அச்சு வடிவம். நம் பிள்ளைகள் டிஎன்டி என்கிறார்கள். நான் பொதுவாகக் கதையாட்டம் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

என்னிடம் வரும் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் படத்தை ஆட்டமாக ஆக்கலாமா? ஆக்கலாம். ஆனால் படத்திலிருந்து எதை எடுப்பது என்பதில்தான் ஆட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கதையைப் படத்திடமே விட்டுவிட வேண்டும். கதாநாயகனையும் விட்டுவிடலாம். எடுக்க வேண்டியது இக்கட்டு. ஒரு மனிதர் இப்படிப் போவதா அப்படிப் போவதா என்று நிற்கிற, எப்படிப் போனாலும் ஏதோ ஒன்றை இழக்கிற அந்தக் கட்டம்.

1. முடிவு எழுதப்பட்ட கதை மேசையில் நிற்காது

கதையாட்டம் பிறந்த கட்டிலருகிலேயே சினிமா நின்றது. 1970களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆர்னெசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்துக்குப் பின்னால், டிவியில் ஒரு வார இறுதி முழுக்க அவர் பார்த்த பூதப் படங்களும் இருந்தன. அவருடைய ஆட்டக்காரர்களில் ஒருவர் சர் ஃபாங் என்ற இரத்தக்காட்டேரியாக மாறி, யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வலுத்துவிட்டார். அவரைச் சமாளிக்க, டிராகுலா படங்களில் வரும் வான் ஹெல்சிங்கை மனதில் வைத்துச் சிலுவை ஏந்திய ஒரு பாத்திரம் உருவானது. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் கிளெரிக் என்ற பாத்திர வகையின் வேர் அதுதான். அவர்கள் டிராகுலாவின் கதையைத் தொடவே இல்லை. காட்டேரி கையை மீறிப் போய்விட்டால் ஊர் என்ன செய்யும் என்ற நெருக்கடியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மற்றதை மேசை பார்த்துக்கொண்டது.

நேர் எதிரான சான்றும் உண்டு. டிஎன்டியை வெளியிட்ட டிஎஸ்ஆர் 1984இல் இண்டியானா ஜோன்ஸ் கதையாட்டத்தை வெளியிட்டது. உலகமே இண்டியானா ஜோன்ஸ் படங்களைக் கொண்டாடிய நேரம். ஆனால் அந்தப் பெட்டியில் புதிய பாத்திரத்தை உருவாக்க விதி இல்லை. இண்டியானா ஜோன்ஸாகவோ படத்தில் வரும் அவருடைய கூட்டாளிகளில் ஒருவராகவோதான் ஆட வேண்டும். அவர் எப்படிப்பட்டவர், என்ன செய்வார், கடைசியில் பிழைப்பாரா என்று எல்லோருக்கும் தெரியும். ஆடுபவருக்குத் தீர்மானிக்க மிச்சம் என்ன இருக்கிறது? ஆட்டம் எடுபடவில்லை. உரிமம் முடிந்தபோது விற்காத பிரதிகளை அழிக்க வேண்டியிருந்தது. எரிந்து மிஞ்சிய ஒரு துண்டில் பெயரின் பின்பாதி, ‘டயானா ஜோன்ஸ்’, மட்டும் படிக்கக் கிடைத்தது. விளையாட்டுத் துறையில் சிறந்த பங்களிப்புக்காக 2001 முதல் வழங்கப்படும் டயானா ஜோன்ஸ் விருதின் பெயர் அங்கிருந்து வந்தது. அந்தத் துண்டைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் பதித்ததுதான் கோப்பை.

மூன்றே ஆண்டுகளில், 1987இல், வெஸ்ட் எண்ட் கேம்ஸ் ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கே ஆடுபவர் லூக் ஸ்கைவாக்கராக இருக்க வேண்டியதில்லை. கடத்தல்காரராக, ஓடிப்போன சிப்பாயாக, பேரரசின் மூலையில் கிடக்கும் ஒரு கோளின் சாமானியராக ஆடலாம். படம் சொல்லாமல் விட்ட இடங்களை ஆட்ட நூல்கள் நிரப்பின. டிமதி சான் 1991இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் நாவலை எழுத உட்கார்ந்தபோது, படத் தயாரிப்பாளர் தரப்பிலிருந்து அவருக்கு அனுப்பப்பட்டவை இந்த ஆட்ட நூல்கள்தான். படத்திடம் கடன் வாங்கிய ஆட்டம், வட்டியோடு திருப்பித் தந்த வரலாறு இது.

2. இக்கட்டை எப்படிக் கண்டுபிடிப்பது

நம் படங்களுக்கு வருவோம். புஷ்கர்–காயத்ரி இயக்கிய ‘விக்ரம் வேதா’ (2017) இந்தப் பாடத்தைத் திரையிலேயே நடத்திக் காட்டுகிறது. வேதாளக் கதையின் சட்டகத்தை எடுத்துக்கொண்ட படம். தாதாவான வேதா ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்லி, முடிவைச் சொல்லாமல் நிறுத்தி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று போலீஸ்காரர் விக்ரமிடம் கேட்கிறான். செய்தவனைத் தண்டிப்பதா, செய்யச் சொன்னவனைத் தண்டிப்பதா? விக்ரம் பதில் சொல்லும் அந்த நொடியில் அவன் பார்வையாளனாக இருப்பது முடிந்துவிடுகிறது. மேசையில் கதை நடத்துபவர் செய்வதும் இதேதான்.

ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி எளிது. படத்தைப் பார்க்கும்போது, பாத்திரம் ஒரு முடிவெடுக்கப்போகும் இடத்தில் நிறுத்துங்கள். கூட இருப்பவர்களிடம், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் மேலே ஓடவிடுங்கள். நல்ல மனிதர்கள் இரண்டு பேர் வேறு வேறு பதில் சொல்லிச் சண்டைக்கு வந்தால், நோட்டை எடுங்கள்.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) கதையாட்டத்துக்கென்றே எடுத்த படம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். காணாமல்போன தொல்லியலாளர், கடல்வழிப் பயணம், சோழர்கள் வைத்த ஏழு பொறிகள், புதைமணலில் நடராசர் நிழல் விழும் நேரத்தில் மட்டும் கிடைக்கும் பாதை. என் கருத்து வேறு. அந்த ஏழு பொறிகளை அப்படியே மேசையில் வைத்தால் ஒரு மாலைப்பொழுது போகும், அவ்வளவுதான். நிழலின் மேல் ஓடு என்று கண்டுபிடித்த பிறகு ஓடாமல் இருக்க யாருக்கும் காரணம் இல்லை. அது புதிர். புதிருக்கு விடை ஒன்றுதான். அந்தப் படத்தின் இக்கட்டு பொறிகளைத் தாண்டிய பிறகு, சுமை தூக்க வந்த முத்துவிடம் இருக்கிறது. கூலிக்கு வந்தவன். அழைத்து வந்த அனிதா, பாண்டியர்களின் பழைய கணக்கைத் தீர்க்க வந்தவள். எதிரே பசியில் வாடும் சோழக் கூட்டம், தூதுவன் வருவான் என்று தலைமுறைகளாகக் காத்திருக்கிறது. அவனைத் தூதுவனாக நினைக்கிறது. எந்தப் பக்கத்திலும் பிறக்காதவன் இப்போது ஒரு பக்கத்தில் நின்றாக வேண்டும். ஆடுபவர்கள் எல்லோரையும் கூலியாட்களாக உட்கார வையுங்கள். சோழரும் பாண்டியரும் நடத்துபவரின் கையில் இருக்கட்டும். அப்போது பாருங்கள், மேசை எப்படிச் சூடேறுகிறது என்று.

‘கைதி’க்கும் (2019) அதே வைத்தியம்தான். ஒரே இரவு. சிறையிலிருந்து வெளிவந்து மகளைப் பார்க்கப் போகும் டில்லி, மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறான். டில்லியாக ஆட எல்லோரும் கை தூக்குவார்கள். டில்லியை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதே இரவில் கமிஷனர் அலுவலகத்தில் அகப்பட்டுக்கொண்ட கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். உடன் இருப்பது நெப்போலியன் என்ற ஒரே ஒரு கான்ஸ்டபிள். வெளியே ஆயுதங்களோடு ஒரு கும்பல். மாணவர்களுக்குச் சண்டை தெரியாது. தங்கி நிற்க வேண்டிய கடமையும் இல்லை. பின்பக்கம் வழி கிடைத்தால் ஓடலாம். ஓடினால் அந்தக் கான்ஸ்டபிள் தனியாக நிற்பார். லோகேஷ் கனகராஜ் படத்தின் ஓரத்தில் வைத்த இந்தக் கூட்டம்தான் ஆட்டத்தின் நடுவுக்கு வர வேண்டியது. பல நல்ல படங்களில் ஆட்டத்துக்கான பாத்திரம் நாயகனுக்கு இரண்டடி தள்ளித்தான் நிற்கிறது.

‘தேவர் மகன்’ (1992) இன்னொரு பாடம் தருகிறது. பங்காளிச் சண்டையில் பூட்டிக் கிடக்கும் கோயில். ஊருக்குத் திரும்பிய சக்தி உள்ளே போய்ப் பார்க்க ஆசைப்படுகிறான். வீட்டு வேலைக்காரன் இசக்கி பூட்டைத் திறக்கிறான். பின்னால் கை போவது இசக்கிக்கு. ஆசைப்பட்டவனுக்கும் விலை கொடுத்தவனுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைக் கதை நடத்துபவர் மறக்கக் கூடாது. ஆடுபவர்கள் எடுக்கும் முடிவுக்கு ஊரில் வேறு யாரோ விலை கொடுக்கும்போதுதான் அடுத்த முடிவு கனக்கிறது. குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) உலகெங்கும் கதையாட்டக்காரர்களுக்குப் பாடநூலாக இருப்பதும் இதனால்தான். சோறு மட்டுமே கூலியாகத் தர முடிந்த ஓர் ஊர், சாக வந்த ஆட்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

3. வில்லுப்பாட்டு மேடையில் நமக்குத் தெரிந்த கலை

இந்தப் பகுதிக்காகத்தான் இந்த ஊரில் பேச ஒப்புக்கொண்டேன்.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு, தெரிந்த கதையைத் தெரியாதது போலக் கேட்கும் பயிற்சி உண்டு. கொடை நாளில் வில்லுப்பாட்டு அண்ணாவி பாடும் சுடலைமாடன் கதையோ தம்பிமார் கதையோ அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனாலும் அண்ணாவி ஒரே கதையை இரண்டு ஊரில் ஒரே மாதிரி பாடுவதில்லை. சாமியாடிக்கு அருள் வர நேரமாகிறதா, கதையை நீட்டுவார். படைப்பு தயாராகிவிட்டதா, சுருக்குவார். இடத்தே பாடுகிறவர் ஆமாம் போடும் தொனியில் கூட்டத்தின் மனநிலையைப் பிடித்துக்கொள்வார். சட்டகம் உறுதி, உள்ளே எல்லாம் நெகிழ்ச்சி. மேசையில் கதை நடத்துபவருக்கு வேண்டிய திறமை முழுவதும் இதில் அடக்கம். தோல்பாவைக்கூத்துக்காரர்கள் இராமாயணத்தின் நடுவே உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் விட்டு, அந்தந்தக் காலத்துச் சினிமாப் பாட்டையும் சேர்த்துக்கொண்டு கூட்டத்தைக் கட்டிப்போட்டார்கள். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கிச் சினிமாவுக்குப் போனவர். சினிமாவுக்கும் நம் மேடைக்கும் இடையே போக்குவரத்து எப்போதும் இருந்தது.

இப்போது நீலியை எடுத்துக்கொள்வோம். தொண்டை நாட்டில் பழையனூர் நீலி. நம் பக்கத்தில் இசக்கி. முற்பிறவியில் தன்னைக் கொன்று, இப்பிறவியில் வணிகனாக இருப்பவனைத் தேடி அவள் வருகிறாள். கள்ளிக்கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் வழக்குச் சொல்கிறாள். அவன், இவள் பெண்ணே இல்லை, பேய் என்று கதறுகிறான். பிள்ளை அவனை அப்பா என்று கூப்பிடுகிறது. பெரியவர்கள் அவள் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்கள். அவன் காவலுக்கு வைத்திருக்கும் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதாவது நடந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்கும் கொடுக்கிறார்கள். விடியும்போது அவன் உயிரோடு இல்லை. பழையனூரில் எழுபது பேர் அந்த வாக்குக்காகத் தீயில் இறங்கியதாகக் கதை.

நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியைக் கேரளச் சினிமா பலமுறை தொட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டொமினிக் அருணின் ‘லோகா’, அவளை இன்றைய பெங்களூரில் வாழும் வல்லமை கொண்ட பெண்ணாக்கியது. அதைப் பார்த்த நம் பிள்ளைகள் அவளுடைய பறத்தலையும் அடியையும் ஆட்டமாக்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நியாயம்தான். ஆனால் ஆட்டத்துக்கான பொருள் அந்த வழக்கில் இருக்கிறது. ஆடுபவர்களில் ஒருவர் நீலி, ஒருவர் வணிகன். ஒருவர் நீலி, ஒருவர் வணிகன். பேசித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்ன தீர்ப்புக்கு உயிரைப் பிணை வைக்க வேண்டும்.

உடனே ஒரு தடை எழும். கதைதான் தெரியுமே, அவள் பேய் என்று நாஞ்சில் நாட்டில் குழந்தைக்கும் தெரியுமே, பிறகு என்ன ஆட்டம்? இந்தக் கேள்வியைத்தான் நான் பல நாள் சுமந்துகொண்டிருந்தேன். அதற்கு என் பதில் இது. அவள் பேய் என்று தெரிந்தபின்தான் இக்கட்டு தொடங்குகிறது. அவள் கொல்லப்பட்டவள். கொன்றவன் எதிரே நிற்கிறான். முற்பிறவிக் கொலைக்கு இந்த ஊரில் வேறு நீதிமன்றம் இல்லை. அவள் சொல்லும் உறவு பொய், அவள் கேட்கும் நீதி மெய். பொய்ச்சாட்சியை ஏற்றால் கொலைகாரனுக்குத் தண்டனை கிடைக்கும். மறுத்தால் அவன் தப்புவான். அவனோ பயந்து நடுங்கி, அடைக்கலம் என்று உங்கள் காலில் விழுந்திருக்கிறான். நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்? முடிவு தெரிந்துவிட்டால் செத்துப்போகிற கதைகள் உண்டு. முடிவு தெரிந்தும் கேள்வி சாகாத கதைகள் உண்டு. படமானாலும் வில்லுப்பாட்டானாலும் இரண்டாம் வகையைத்தான் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

சுசீந்திரத்திலேயே இன்னொரு வகை வழக்கும் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தன்னை மெய்ப்பிக்கும் கைமுக்கு, தாணுமாலயன் கோயிலில் நடந்து, சுவாதித் திருநாள் காலத்தில் நிறுத்தப்பட்டது. சினிமா அதை எடுத்தால் கேமரா கையை நோக்கிப் போகும். ஆட்டம் அந்தக் கையைச் சுற்றி நிற்பவர்களை நோக்கிப் போக வேண்டும். நெய் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் யார் யார்?

4. திரையின் கருவி வேறு, மேசையின் கருவி வேறு

சுருக்கமாகச் சொல்கிறேன். படம் பயத்தை இசையாலும் படத்தொகுப்பாலும் உண்டாக்குகிறது. மேசையில் இரண்டும் இல்லை. அதே உணர்வை வேறு பொருளால் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘டிரெட்’ என்ற பேய்க்கதை ஆட்டத்தில் பகடையே கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரத்திலிருந்து ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையை விட்டுப் போகும். கைநடுக்கம்தான் அங்கே பின்னணி இசை. 2019இல் வந்த ‘ஏலியன்’ ஆட்டத்தில் பதற்றம் ஏற ஏறக் கூடுதல் பகடைகள் கைக்கு வரும். அவை உதவவும் செய்யும், ஒருகட்டத்தில் பீதியில் தள்ளவும் செய்யும். கோயன் சகோதரர்களின் படங்களிலிருந்து பிறந்த ‘ஃபியாஸ்கோ’வில் (2009) கதை நடத்துபவரே இல்லை. பேராசை பிடித்த சாமானியர்கள் தாங்களே தங்கள் வாழ்க்கையைக் குலைத்துக்கொள்வதை எல்லோருமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள்.

நம் படங்களில் ‘விருமாண்டி’ (2004) இப்படி ஒரு புதுக் கருவிக்காகக் காத்திருக்கிறது. சிறைக்குள் கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார், விருமாண்டி அதே நிகழ்ச்சிகளை வேறு கதையாகச் சொல்கிறான். ஒரு குழு முதல் நாள் கொத்தாளனின் வாக்குமூலத்தை ஆடட்டும். மறுநாள் அதே காட்சிகளை விருமாண்டி சொன்னபடி ஆடட்டும். பாத்திரங்களை மட்டும் கைமாற்றிக்கொள்ளட்டும். நேற்று நீங்கள் நல்லவனாக ஆடியவனை இன்று எதிரே இருப்பவர் என்னவாக ஆடுகிறார் என்று பார்ப்பது, எந்தத் திரையரங்கிலும் கிடைக்காத அனுபவம்.

5. யாருடைய வலி மேசைக்கு வருகிறது

கடைசிக் கூறு. இதைச் சொல்லாமல் முன்னதையெல்லாம் சொல்வது பொறுப்பில்லாத செயல்.

திரையில் ஒரு கொடுமை நடக்கும்போது நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம். மேசையில் அந்தக் கொடுமையான சொல்லை நம் நண்பர் தன் வாயால் நம்மைப் பார்த்துச் சொல்கிறார். சாதியைப் பற்றிய துணிச்சலான தமிழ்ப் படங்கள் கடந்த பத்தாண்டுகளில் வந்திருக்கின்றன. அவற்றை ஆட்டமாக்கும் ஆசையும் வரும். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் பரியன் படும் அவமானத்தை, மேசையைச் சுற்றி இருப்பவர்களில் ஒருவர் வீட்டிலும் பட்டிருக்கக்கூடும். அவர் அதை வெளியில் சொல்லியிருக்க மாட்டார். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற வடிவமைப்பாளர் இதற்கு எக்ஸ் அட்டை என்ற எளிய வழியைத் தந்தார். மேசை நடுவில் ஓர் அட்டை. யாருக்குத் தாங்கவில்லையோ அவர் அதைத் தொடலாம். காட்சி அங்கேயே விலகிவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. நம் ஊர்க் குழுக்களுக்கு இந்த அட்டை பகடைக்கு முன்னால் தேவை.

அதற்கு மேலும் ஒன்று. இந்தத் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1930இல் மீண்டும் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. இதில் இக்கட்டுக்குக் குறைவில்லை. தொண்டராகப் போகிறவரின் வீடு, தடுக்கச் சொல்லி அனுப்பப்பட்ட போலீஸ்காரர், மனம் ஒப்பாமலும் வாய் திறக்காமலும் இருந்த அண்டை வீட்டார். இதை ஒரு மாணவர் ஆட்டமாக எழுத வந்தால் தடுக்க மாட்டேன், மகிழ்வேன். இரண்டு நிபந்தனை மட்டும் வைப்பேன். வழிமறித்தவராக யாரையும் ஆட வைக்கக் கூடாது. அவர்கள் பேச்சைக் கதை நடத்துபவர் தன் சொந்தச் சொல்லில், சுருக்கமாக, நடந்ததாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எழுதத் தொடங்குமுன், போராட்டத்தில் நின்றவர்களின் வழிவந்தவர்களைத் தேடிப் போய், அவர்கள் வீட்டில் இந்தக் கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். எதை ஆடலாம் எதை ஆட வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை விதிநூலின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.